டிரான்ஸ்பார்மரில் வோல்ட், ஆம்ப், வாட்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தெருமுனையில் இரண்டு கம்பங்களுக்கு நடுவே நிற்கும் 100 கே.வி.ஏ. (கிலோ வோல்ட்-ஆம்ப், அது சுமக்கும் அளவு) டிரான்ஸ்பார்மர்தான் இந்தப் பக்கம் முழுக்க நம் எடுத்துக்காட்டு. அதற்குள் வருவது 11,000 வோல்ட், வெளியே போவது 433 வோல்ட், இரண்டும் மூன்று ஃபேஸ். தமிழ்நாட்டில் 22,000 வோல்ட் லைன் ஓடும் பகுதிகளும் உண்டு. அங்கே எண்கள்தான் மாறும், கணக்கு அதேதான். உயரழுத்தப் பக்கத்தை எச்.டி. என்றும் தாழ்வழுத்தப் பக்கத்தை எல்.டி. என்றும் வழக்கத்தில் உள்ளபடியே எழுதியிருக்கிறோம்.

டிரான்ஸ்பார்மர் வோல்டேஜை எப்படி மாற்றுகிறது?

ஒரே இரும்புக் கோரில் இரண்டு சுருள்கள். ஒன்றுக்கொன்று கம்பித் தொடர்பு கிடையாது. முதல் சுருளில், அதாவது பிரைமரியில், ஏ.சி. மின்சாரம் பாயும்போது கோருக்குள் காந்தப்பாயம் நொடிக்கு 50 தடவை ஏறி இறங்கித் திசை மாறுகிறது. அந்தக் கோரைச் சுற்றியிருக்கும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே அளவு வோல்ட் தூண்டப்படுகிறது. அது பிரைமரியின் சுற்றா, இரண்டாம் சுருளான செகண்டரியின் சுற்றா என்று காந்தப்பாயம் பார்ப்பதில்லை.

காயில் கட்டும் கடையில் கேட்டால் 'ஒரு வோல்டுக்கு எத்தனை சுற்று' என்றுதான் கணக்கைத் தொடங்குவார்கள். கோரின் நடுக்காலின் குறுக்குப் பரப்பு 9 சதுர செ.மீ., காந்தப்பாய அடர்த்தி 1 டெஸ்லா, 50 ஹெர்ட்ஸ் என்றால் ஒரு வோல்டுக்கு 5 சுற்று வரும். 230 வோல்ட் பிரைமரிக்கு 1,150 சுற்று. 12 வோல்ட் செகண்டரிக்கு 60 சுற்று. லோடு ஏறும்போது சுருளுக்குள்ளேயே கொஞ்சம் வோல்ட் விழும் என்பதால் கைதேர்ந்தவர்கள் 60-க்குப் பதில் 64, 65 சுற்று போடுவார்கள்.

கரண்ட் எப்படி மாறுகிறது?

வோல்ட் எந்த விகிதத்தில் இறங்குகிறதோ அதே விகிதத்தில் ஆம்ப் ஏறும். நம் டிரான்ஸ்பார்மரில் 11,000-ஐ 433-ஆல் வகுத்தால் 25.4. எல்.டி. பக்கம் 133 ஆம்ப் ஓடினால் எச்.டி. பக்கம் அதை 25.4-ஆல் வகுத்த 5.25 ஆம்ப்தான் ஓடும். எச்.டி. பக்கத்துக் கம்பி மெல்லியதாகவும் எல்.டி. பக்கத்துப் பட்டை தடிமனாகவும் இருப்பதற்குக் காரணம் இதுதான். டிரான்ஸ்பார்மர் அருகே நின்று பார்த்தால் உயரமான பீங்கான் புஷ்ஷிங்கில் (கம்பி வெளியே வரும் காப்புக் குழல்) ஒல்லிக் கம்பியும் குட்டையான புஷ்ஷிங்கில் தடித்த கேபிளும் தெரியும். உயரம் வோல்டுக்காக, தடிமன் ஆம்புக்காக.

வோல்ட் குறைந்தால் ஆம்ப் கூடும் என்கிறீர்கள். ஓம் விதிப்படி வோல்ட் குறைந்தால் ஆம்பும் குறையத்தானே வேண்டும்?

இந்தப் பாடத்தில் அதிகம் பேர் தடுக்கி விழும் இடம் இது. இரண்டும் சரி, பேசப்படும் இடம்தான் வேறு. ஓம் விதி ஒரே பக்கத்துக்குள் நடப்பதைச் சொல்கிறது. சுற்று விகிதம் இரண்டு பக்கங்களுக்கும் இடையே உள்ள உறவைச் சொல்கிறது.

230/12 வோல்ட் டிரான்ஸ்பார்மரின் செகண்டரியில் 6 ஓம் லோடு மாட்டுங்கள். ஓம் விதிப்படி 12-ஐ 6-ஆல் வகுத்தால் 2 ஆம்ப், அதாவது 24 வாட். அதே 24 வாட்டைப் பிரைமரி வீட்டு லைனிலிருந்து வாங்க வேண்டும்: 24-ஐ 230-ஆல் வகுத்தால் 0.104 ஆம்ப். இப்போது 6 ஓமை எடுத்துவிட்டு 12 ஓம் மாட்டினால் செகண்டரியில் 1 ஆம்ப், பிரைமரியில் 0.052 ஆம்ப். லோடையே கழற்றிவிட்டால் செகண்டரியில் கரண்டே கிடையாது. பிரைமரியில் கோரைக் காந்தமாக்கும் சிறு கரண்ட் மட்டும் ஓடும்.

ஆக, வோல்டை முடிவு செய்வது சுற்று எண்ணிக்கை. ஆம்பை முடிவு செய்வது லோடு. டிரான்ஸ்பார்மர் எந்தக் கரண்டையும் லோடுக்குள் 'தள்ளுவதில்லை'. '12 வோல்ட் 5 ஆம்ப் டிரான்ஸ்பார்மரில் 1 ஆம்ப் பல்பு மாட்டினால் எரிந்துவிடுமா?' என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான். எரியாது. 5 ஆம்ப் என்பது அது தாங்கும் உச்சம்.

அப்படியானால் பவர் மாறுவதே இல்லையா?

கூடுவதில்லை. கொஞ்சம் குறைகிறது, அது வெப்பமாகப் போகிறது. இழப்பு இரண்டு வகை. கோரில் நடப்பது இரும்பு இழப்பு. லோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும் லைன் கொடுத்திருக்கும் வரை 24 மணி நேரமும் ஓடும். சுருளில் நடப்பது தாமிர இழப்பு. அது ஆம்பின் இருமடிக்கு ஏற்ப ஏறும். பாதி லோடில் தாமிர இழப்பு பாதியல்ல, கால்வாசி.

பழைய வடிவமைப்பில் 100 கே.வி.ஏ.க்கு இரும்பு இழப்பு 260 வாட், முழு லோடில் தாமிர இழப்பு 1,760 வாட் என்பது வழக்கமான அளவு. இப்போது வரும் உயர்திறன் வகைகளில் இரண்டும் குறைவு. பழைய எண்களையே வைத்துப் பார்த்தால், பவர் ஃபேக்டர் (கே.வி.ஏ.யில் எத்தனை பங்கு கிலோவாட்டாகக் கிடைக்கிறது என்ற விகிதம்) 1-இல் முழு லோடுக்குத் திறன் 98.0 சதவீதம். பாதி லோடில் இழப்பு 260 + 440 = 700 வாட், திறன் 98.6 சதவீதம். இரண்டு இழப்பும் சமமாகும் இடத்தில்தான் திறன் உச்சம். இந்த டிரான்ஸ்பார்மருக்கு அது சுமார் 38 கே.வி.ஏ. லோடில் வருகிறது. பகலில் ஆளில்லாமலும் மாலையில் நிறைந்தும் இருக்கும் தெருவுக்கு இது பொருத்தமான வடிவமைப்புதான்.

சும்மா நிற்கும் டிரான்ஸ்பார்மருக்கும் செலவு உண்டு. 260 வாட் என்றால் நாளைக்கு 6.24 யூனிட், ஆண்டுக்குச் சுமார் 2,280 யூனிட். பருவத்துக்கு மட்டும் ஓடும் ஆலைகள் சீசன் முடிந்ததும் டிரான்ஸ்பார்மரை லைனிலிருந்து பிரித்து வைப்பதில் அர்த்தம் இருக்கிறது.

100 கே.வி.ஏ.யிலிருந்து எத்தனை ஆம்ப் எடுக்கலாம்?

மூன்று ஃபேஸ் கணக்கு: கே.வி.ஏ.யை 1000-ஆல் பெருக்கி, 1.732-ஆலும் வோல்டாலும் வகுக்க வேண்டும். 100 கே.வி.ஏ.க்கு எல்.டி.யில் ஒவ்வொரு ஃபேஸிலும் 133 ஆம்ப். நினைவில் வைக்க எளிய வழி: கே.வி.ஏ.யை 1.33-ஆல் பெருக்கினால் எல்.டி. ஆம்ப். 63 கே.வி.ஏ.க்கு 84, 250 கே.வி.ஏ.க்கு 333, 500 கே.வி.ஏ.க்கு 667.

'ஒவ்வொரு ஃபேஸிலும்' என்பதை அடிக்கோடிட்டுப் படியுங்கள். டாங் டெஸ்டர் (கம்பியைக் கவ்வி ஆம்ப் காட்டும் கருவி) வைத்துப் பார்த்தபோது ஆர் ஃபேஸில் 180, ஒய்-யில் 90, பி-யில் 60 ஆம்ப் காட்டுகிறது என்று வையுங்கள். சராசரி 110 ஆம்ப், தாளில் ஓவர்லோடே இல்லை. ஆனால் ஆர் ஃபேஸ் சுருள் 35 சதவீதம் கூடுதல் ஆம்பைச் சுமக்கிறது. அதன் தாமிர இழப்பு முழு லோடு அளவைப் போல 1.8 மடங்கு. எரியப்போவது அந்த ஒரு சுருள்தான். ஒரு சுருள் போனால் போதும், டிரான்ஸ்பார்மர் முழுதும் இறங்க வேண்டியதுதான்.

ஏன் கிலோவாட்டில் சொல்லாமல் கே.வி.ஏ.வில் சொல்கிறார்கள்?

இரும்பு இழப்பு வோல்டைப் பொறுத்தது, தாமிர இழப்பு ஆம்பைப் பொறுத்தது. வோல்டும் ஆம்பும் எந்தக் கோணத்தில் சேர்கின்றன என்பதைப் பற்றிச் சுருளுக்குக் கவலையில்லை. 133 ஆம்ப் பயனுள்ள வேலை செய்தாலும் சுருள் சுடும், மோட்டாரின் காந்தத்துக்காக வீணே போய்வந்தாலும் சுடும். பவர் ஃபேக்டர் 0.8 உள்ள இடத்தில் 100 கே.வி.ஏ.யிலிருந்து 80 கிலோவாட்தான் கிடைக்கும். 5 குதிரைத்திறன் பம்பு மோட்டாருக்குப் பக்கத்தில் 2 கே.வி.ஏ.ஆர். (காந்தத்துக்காகப் போய்வரும் பவரின் அலகு) கெப்பாசிட்டர் போடச் சொல்வது இதற்காகத்தான். மோட்டாருக்கு வேண்டிய காந்தக் கரண்டை அது அங்கேயே கொடுத்துவிடும். லைனும் டிரான்ஸ்பார்மரும் அதைச் சுமக்க வேண்டியிருக்காது.

வீட்டுக்கு 230 வோல்ட் போதும் என்றால் டிரான்ஸ்பார்மரில் ஏன் 433 என்று எழுதியிருக்கிறது?

433 என்பது ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் இடையே, லோடு இல்லாதபோது. ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே அது 1.732-ஆல் வகுபட்டு 250 வோல்ட். லோடு ஏறியதும் டிரான்ஸ்பார்மருக்குள்ளேயே ஒரு பங்கு விழுகிறது. 4.5 சதவீத இம்பீடன்ஸ் (கரண்டுக்குச் சுருள்கள் காட்டும் மொத்த எதிர்ப்பு) கொண்ட நம் டிரான்ஸ்பார்மரில் முழு லோடு, பவர் ஃபேக்டர் 0.8 என்றால் விழுவது சுமார் 3.9 சதவீதம்; 433 என்பது 416 ஆகும், ஃபேஸுக்கு 240. பவர் ஃபேக்டர் 1 என்றால் 2 சதவீதத்துக்கும் குறைவாகவே விழும். மிச்சத்தைத் தெருவில் ஓடும் கம்பி தின்னும். அதைக் கணக்கில் வைத்துத்தான் 250-இல் தொடங்குகிறார்கள்.

அந்த 4.5 சதவீத இம்பீடன்ஸுக்கு இன்னொரு வேலையும் உண்டு. எல்.டி. முனையிலேயே மூன்று ஃபேஸும் ஷார்ட் ஆனால் கரண்ட் 133-ஐ 0.045-ஆல் வகுத்த அளவு, அதாவது ஏறக்குறைய 2,960 ஆம்ப் வரை போகும். அதற்கு மேல் போகாமல் தடுப்பதும் அதே இம்பீடன்ஸ்தான்.

வோல்டை ஏற்றிப் பிறகு இறக்குவதற்குப் பதில், முதலிலிருந்தே 433-இல் அனுப்பினால் என்ன?

கம்பியில் வெப்பமாகப் போகும் பவர் ஆம்பின் இருமடியைப் பொறுத்தது. ஒரு ஃபேஸுக்கு அரை ஓம் தடை உள்ள லைனில் 100 கிலோவாட் அனுப்புவதாக வையுங்கள். 433 வோல்டில் 133 ஆம்ப் ஓடும், மூன்று கம்பியிலும் சேர்த்து இழப்பு 26 கிலோவாட்டுக்கு மேல். அதே லைனில் 11,000 வோல்டில் 5.25 ஆம்ப், இழப்பு 41 வாட். ஒரு பக்கம் ஒரு ஊரின் மின்சாரமே வயலில் காய்கிறது, மறுபக்கம் ஒரு குண்டு பல்பு அளவுகூட இல்லை. விவசாய பம்புகளுக்கு நீளமான எல்.டி. லைன் இழுக்காமல் 11,000 வோல்டையே கிணற்றருகே கொண்டுபோய் 16, 25 கே.வி.ஏ. என்று சின்ன டிரான்ஸ்பார்மர்கள் வைக்கும் முறைக்கு அடிப்படை இந்தக் கணக்குதான்.

பெரிய அளவில் பார்க்க வேண்டுமானால் தூத்துக்குடி அனல் மின் நிலையம். அங்குள்ள 210 மெகாவாட் ஜெனரேட்டர் மின்சாரத்தை 15,750 வோல்டில் உண்டாக்குகிறது. பவர் ஃபேக்டர் 0.85-இல் ஃபேஸுக்குச் சுமார் 9,050 ஆம்ப். அதைச் சுமக்கக் கம்பி போதாது, தடித்த அலுமினியக் குழாய் வேண்டும். அதுவும் டிரான்ஸ்பார்மர் வரை உள்ள சில பத்து மீட்டருக்கு மட்டும். டிரான்ஸ்பார்மரைத் தாண்டி 2,30,000 வோல்ட் ஆனதும் ஆம்ப் 620-க்கு இறங்குகிறது. வோல்ட் 14.6 மடங்கு ஏறியதால் ஒரே கம்பியில் இழப்பு 213-இல் ஒரு பங்காகிறது.

எங்கள் வீட்டில் மாலையில் 190 வோல்ட்தான் வருகிறது. டிரான்ஸ்பார்மரா, லைனா?

ஒரே நேரத்தில் இரண்டு இடத்தில் அளந்தால் தெரிந்துவிடும். மாலை 7 மணிக்கு உங்கள் மீட்டரிலும் டிரான்ஸ்பார்மருக்கு மிக அருகில் உள்ள வீட்டிலும், அதே ஃபேஸில்.

அருகில் உள்ள வீட்டில் 235, உங்களிடம் 190 என்றால் கோளாறு லைனில். தெருவில் ஓடும் 'வீசல்' வகை அலுமினியக் கம்பியின் தடை கிலோமீட்டருக்குச் சுமார் 0.91 ஓம். 400 மீட்டர் தள்ளி 30 ஆம்ப் எடுத்தால் ஃபேஸ் கம்பியில் மட்டும் 11 வோல்ட் விழும். மற்ற இரண்டு ஃபேஸிலும் லோடு இல்லாமல் அந்த 30 ஆம்பும் நியூட்ரல் வழியே திரும்பினால் இன்னொரு 11. ஃபேஸ்களைச் சமன்படுத்தினால் இந்த இரண்டாவது 11 வோல்ட் செலவில்லாமல் திரும்பக் கிடைக்கும். புதுக் கம்பி இழுப்பதற்கு முன்னால் கேட்க வேண்டியது இதைத்தான். ஜம்பர் (கம்பத்தில் கம்பிகளை இணைக்கும் துண்டு) துருப்பிடித்துத் தளர்ந்திருந்தாலும் இதே அறிகுறி தெரியும். கூடவே இரவில் கம்பத்தில் தீப்பொறி தெரியும்.

இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரி குறைவாக இருந்தால், டிரான்ஸ்பார்மர் ஓவர்லோடு, அல்லது 11,000 வோல்ட் லைனே தாழ்ந்து வருகிறது. இரண்டாவது காரணத்துக்குத்தான், சுருளின் சுற்றைக் கூட்டிக் குறைக்கும் டேப் சுவிட்ச் உதவும்.

டேப் மாற்றினால் என்ன ஆகும்?

டேப் எச்.டி. சுருளில் இருக்கிறது. ஏனென்றால் அங்கே சுற்று அதிகம், ஆம்ப் குறைவு. தொடுமுனை சிறியதாக இருந்தால் போதும். ஒவ்வொரு படியும் 2.5 சதவீதச் சுற்றுகளைக் கூட்டும் அல்லது குறைக்கும். எச்.டி. சுற்றைக் குறைத்தால் எல்.டி. வோல்ட் ஏறும். இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு, '11,550 என்று எழுதியிருக்கும் டேப்பில் வைத்தால் வோல்ட் கூடும்' என்று நினைப்பவர்கள் உண்டு. அந்த எண் உள்ளே வரும் லைனின் வோல்ட். லைன் 10,450-தான் வருகிறது என்றால் டேப்பை 10,450-இல் வைத்தால்தான் 433 கிடைக்கும். 11,000 டேப்பிலேயே விட்டால் 411.

மாற்றும் முன் எச்.டி. லைனைப் பிரிக்கும் ஏ.பி. சுவிட்சைத் திறந்து, எல்.டி. பக்கமும் பிரித்து, லைனை எர்த் செய்ய வேண்டும். லைன் ஓடும்போது திருகினால் தொடுமுனைகளுக்கு இடையே எண்ணெய்க்குள் ஆர்க் விழுந்து சுருளோடு போய்விடும். திருகியதும் கைப்பிடி சரியாகக் குழியில் உட்கார்ந்ததா என்று பார்த்துப் பூட்ட வேண்டும். பாதியில் நின்ற டேப் சில வாரங்களில் கருகும். இது மின்வாரியப் பணியாளர் வேலை. தெருக்காரர்கள் கை வைக்கக் கூடாது.

டேப்பை மாற்றி வோல்டை உயர்த்தியதும் மாலையில் எல்லோரும் மகிழ்வார்கள். நள்ளிரவு 2 மணிக்கும் ஒருமுறை அளக்க வேண்டும். லைன் அப்போது 11,200-க்கு ஏறினால் 10,450 டேப்பில் எல்.டி. 464 வோல்ட், ஃபேஸுக்கு 268. ஃபிரிட்ஜ் போர்டுகள் வரிசையாகப் போவது இப்படித்தான்.

ஸ்டெபிலைசர் போட்டால் வோல்ட் கூடுகிறது. கரண்ட் கட்டணம் கூடுமா?

வோல்ட் கூடுவதால் மட்டும் கூடாது. ஸ்டெபிலைசரின் சொந்த இழப்பு மட்டும் சேரும். ஆனால் ஆம்ப் கூடும். 1,500 வாட் ஏ.சி.க்கு 220 வோல்டில் சுமார் 6.8 ஆம்ப் வேண்டும். லைனில் 180 வோல்ட்தான் இருக்கிறது, ஸ்டெபிலைசர் அதை 220 ஆக்குகிறது என்றால் அது லைனிலிருந்து 8.3 ஆம்ப் இழுக்கும். அந்தக் கூடுதல் ஆம்ப் லைனில் இன்னும் கொஞ்சம் வோல்டை விழுங்கும். தெருவில் பத்துப் பேர் ஸ்டெபிலைசர் வைத்தால் பதினோராவது வீட்டுக்காரரின் பல்பு மங்குவது இதனால்தான். ஸ்டெபிலைசர் அண்டை வீட்டு வோல்டைக் கடன் வாங்கித் தருகிறது என்றுகூடச் சொல்லலாம்.

மூன்று ஃபேஸில் ஒன்று மட்டும் சரியாக இருக்கிறது, மற்ற இரண்டும் மங்கலாக எரிகின்றன. ஏன்?

எச்.டி. பக்கத்தில் ஒரு ஃபேஸ் பியூஸ் போயிருக்கிறது. எச்.டி. சுருள் டெல்டா இணைப்பு, அதாவது மூன்று சுருளும் முக்கோணமாகச் சேர்ந்திருக்கும். மூன்றில் ஒரு கம்பி அறுந்தால் ஒரு சுருளுக்கு மட்டும் முழு 11,000 வோல்ட் கிடைக்கும். மற்ற இரண்டும் வரிசையாகி ஆளுக்குப் பாதியைப் பங்கிட்டுக்கொள்ளும். எல்.டி.யில் அது 250, 125, 125 என்று தெரியும். லோடு சமமில்லாவிட்டால் அந்த இரண்டு பாதிகளும் கொஞ்சம் ஏறி இறங்கும். உறுதிப்படுத்த மங்கலான இரண்டு ஃபேஸுக்கும் இடையே அளந்து பாருங்கள், பூஜ்யத்துக்குப் பக்கத்தில் காட்டும்.

எல்.டி. பியூஸ் போனால் கதை வேறு: அந்த ஒரு ஃபேஸ் அடியோடு அணையும், மற்ற இரண்டும் முழுதாக எரியும்.

சில வீடுகளில் பல்பு கண்ணைப் பறிக்க எரிந்து வெடிக்கிறது, சில வீடுகளில் மங்குகிறது என்றால் நியூட்ரல் போயிருக்கிறது. மூன்றிலும் ஆபத்தானது இதுதான். ஒரு ஃபேஸில் 1,000 வாட் லோடும் இன்னொன்றில் 100 வாட் லோடும் இருந்தால், நியூட்ரல் இல்லாதபோது இரண்டும் 415 வோல்டுக்கு இடையே வரிசையாக நிற்கும். 1,000 வாட் வீட்டுக்கு 38 வோல்ட், 100 வாட் வீட்டுக்கு 377 வோல்ட். கொஞ்சமாக மின்சாரம் எடுப்பவருக்குத்தான் அதிக சேதம். வந்ததும் முதல் வேலை மெயினை அணைப்பது. பம்பு மோட்டாரை இந்த மூன்று நிலைகளில் எதிலும் ஓட்டக் கூடாது.

அமெரிக்காவுக்கு வெட் கிரைண்டர், மிக்ஸி கொண்டு போகிறோம். டிரான்ஸ்பார்மர் வைத்தால் ஓடுமா?

அங்கே 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ். டிரான்ஸ்பார்மர் 120-ஐ 230 ஆக்கும். 60-ஐ 50 ஆக்காது. மிக்ஸியில் இருப்பது கார்பன் பிரஷ் வைத்த மோட்டார். அதற்கு ஹெர்ட்ஸ் ஒரு பொருட்டல்ல. கிரைண்டரில் இருப்பது இண்டக்‌ஷன் மோட்டார்; சுமார் 20 சதவீதம் வேகமாகச் சுற்றும், இழுவிசை சற்றுக் குறையும். அரிசியை வழக்கத்தைவிடக் கொஞ்சம் குறைவாகப் போட்டால் சமாளிக்கலாம்.

அளவு தேர்வில்தான் பலர் ஏமாறுகிறார்கள். 750 வாட் மிக்ஸிக்கு 750 வி.ஏ. போதாது, கிளம்பும்போது பல மடங்கு ஆம்ப் இழுக்கும், 1,500 வி.ஏ. வாங்குங்கள். 150 வாட் கிரைண்டருக்கு 500 வி.ஏ. சுவரிலிருந்து மிக்ஸிக்கு 6 ஆம்புக்கு மேல் போகும் என்பதால் மெல்லிய நீட்டிப்பு வயர் வேண்டாம். இந்த விலை மலிவான பெட்டிகள் பெரும்பாலும் ஆட்டோ டிரான்ஸ்பார்மர், அதாவது இரு பக்கத்துக்கும் ஒரே சுருள். லைனிலிருந்து பிரிப்பு கிடையாது. ஷாக்கிலிருந்து பாதுகாப்பு என்று நம்பாதீர்கள்.

அங்கிருந்து இங்கே வரும்போது கணக்கு கெடுதலாகத் திரும்பும். 60 ஹெர்ட்ஸுக்கு மட்டும் செய்த டிரான்ஸ்பார்மரை அதே வோல்டில் 50 ஹெர்ட்ஸில் மாட்டினால் கோரில் காந்தப்பாயம் 20 சதவீதம் கூடும். கோர் செறிவடைந்து, லோடே இல்லாமல் சுடும், உறுமும்.

டி.சி.யில் ஏன் வேலை செய்யாது?

காந்தப்பாயம் மாறினால்தான் வோல்ட் தூண்டப்படும். மைக்கேல் ஃபாரடே 1831-இல் இரும்பு வளையத்தில் இரண்டு சுருள் சுற்றிப் பார்த்தபோது, பேட்டரியை இணைக்கும் கணத்திலும் பிரிக்கும் கணத்திலும் மட்டும்தான் முள் அசைந்தது. டி.சி. கொடுத்தால் எதிர்த்து நிற்கும் தூண்டு வோல்ட் இல்லை. கம்பியின் தடை மட்டுமே மிச்சம். 25 வி.ஏ. டிரான்ஸ்பார்மரின் பிரைமரி 70 ஓம் என்று வைத்தால், 230 வோல்ட் டி.சி.யில் 3.3 ஆம்ப், 750 வாட். சில நொடிகளில் புகை வரும்.

மொபைல் சார்ஜரில் டி.சி.தானே வருகிறது என்றால், உள்ளே 230 வோல்டை முதலில் டி.சி. ஆக்கி, அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, பிறகுதான் டிரான்ஸ்பார்மருக்குக் கொடுக்கிறார்கள். வேகம் கூடக் கூட ஒரு வோல்டுக்குத் தேவையான கோரும் சுற்றும் குறையும். பழைய 12 வோல்ட் எலிமினேட்டர் (பேட்டரிக்குப் பதில் வைக்கும் பெட்டி) கனத்ததற்கும் இன்றைய சார்ஜர் தீப்பெட்டியளவு இருப்பதற்கும் வித்தியாசம் இதுதான்.

மீட்டர் பெட்டியில் உள்ள சி.டி.யின் (கரண்ட் டிரான்ஸ்பார்மர்) செகண்டரியைத் திறந்து விடக் கூடாது என்கிறார்களே?

சாதாரண டிரான்ஸ்பார்மரில் செகண்டரியைத் திறந்தால் பிரைமரி கரண்ட் அடங்கிவிடும். சி.டி.யில் அப்படி இல்லை. அதன் பிரைமரி லோடுக்குப் போகும் மெயின் கேபிள். ஆலை இழுக்கும் 200 ஆம்ப் எப்படியும் போய்க்கொண்டுதான் இருக்கும். செகண்டரியில் ஓடும் 5 ஆம்ப்தான் அந்தக் காந்தப்பாயத்தை எதிர்த்து அடக்கி வைத்திருக்கிறது. அதைத் திறந்தால் முழு 200 ஆம்பும் கோரைக் காந்தமாக்கப் போய்விடும். முனைகளில் ஆயிரக்கணக்கான வோல்ட் உச்சங்கள் எழும், காப்பு பொத்துக்கொள்ளும், ஆளையும் அடிக்கும். மீட்டரைக் கழற்றும் முன் சி.டி. முனைகளை ஷார்ட் செய்யும் இணைப்பைப் போட்டு இறுக்கிய பிறகே வயரைத் தொட வேண்டும்.

200/5 சி.டி. என்றால் மீட்டர் காட்டுவதை 40-ஆல் பெருக்க வேண்டும். எச்.டி. மீட்டரில் வோல்டும் குறைக்கப்படுகிறது. 10/5 சி.டி.யும் 11,000/110 பி.டி.யும் (வோல்டைக் குறைக்கும் பொட்டென்ஷியல் டிரான்ஸ்பார்மர்) இருந்தால் 2 x 100, ஆக 200. மீட்டரே நேரடி அளவைக் காட்டும்படி முன்பே பதிந்திருந்தால் மறுபடி பெருக்கிவிடாதீர்கள்.

மின்தடையில் வீட்டு ஜெனரேட்டரைப் பிளக் வழியாகவே லைனுக்குக் கொடுத்தால்?

ஆள் சாவார். டிரான்ஸ்பார்மருக்கு முன் பின் தெரியாது. நீங்கள் ஒரு ஃபேஸுக்குக் கொடுக்கும் 240 வோல்ட் 44 மடங்காகி எச்.டி. லைனில் பத்தாயிரம் வோல்டுக்கு மேல் எழும். சுருளுக்குச் சுருள் விகிதம் 11,000-க்கு 250, அதனால்தான் 44. லைன் செத்துவிட்டது என்று நம்பிக் கம்பத்தில் ஏறியிருப்பவரின் கையில் அது இருக்கும். ஜெனரேட்டருக்கும் லைனுக்கும் நடுவே சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் ஜெனரேட்டர் கிடையாது. நியூட்ரலையும் சேர்த்து மாற்றும் வகையாக வாங்குங்கள்.

ரிப்பேர் ஆகி வந்த டிரான்ஸ்பார்மரைச் சார்ஜ் செய்யும் முன், அதாவது லைன் கொடுக்கும் முன், எளிதாகச் சோதிக்க வழி உண்டா?

உண்டு. மெகர் சோதனைக்கு (காப்பின் தடையை அளப்பது) பிறகு, எச்.டி. முனைகளுக்கு மூன்று ஃபேஸ் 415 வோல்ட் கொடுத்து எல்.டி.யை அளக்க வேண்டும். 11,000 டேப்பில் ஃபேஸுக்கு ஃபேஸ் 16.3 வோல்ட் வர வேண்டும், மூன்று ஜோடியிலும் சமமாக. டேப் ஒரு படி மாறினால் சுமார் 0.4 வோல்ட் மாற வேண்டும். மாறாவிட்டால் டேப் சரியாக இணைக்கப்படவில்லை. ஒரு ஃபேஸ் மட்டும் தள்ளி நின்றால் சுற்று எண்ணிக்கை தவறு அல்லது சுற்றுக்குச் சுற்று ஷார்ட். இந்த நிலையில் எச்.டி.யில் மில்லி ஆம்ப் அளவே ஓட வேண்டும்.

அடுத்து எல்.டி. முனைகளைத் தடித்த பட்டையால் ஷார்ட் செய்து அதே 415 வோல்டை எச்.டி.க்குக் கொடுங்கள். 4.5 சதவீத இம்பீடன்ஸுக்கு எச்.டி.யில் 4.4 ஆம்பும் எல்.டி.யில் 112 ஆம்பும் ஓடும். மூன்று ஃபேஸிலும் சமமாக இருந்தால் உள் இணைப்புகள் நன்றாக இருக்கின்றன. எல்.டி.க்கு 415 வோல்ட் கொடுத்து எச்.டி.யை அளக்க மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் முயலாதீர்கள். அங்கே பத்தாயிரத்துக்கு மேல் நிற்கும்.

எண்ணெயைப் பொறுத்தவரை, 2.5 மி.மீ. இடைவெளியில் 30 கிலோ வோல்டுக்குக் கீழேயே பொறி விழுந்தால் சார்ஜ் செய்யாதீர்கள், வடிகட்டச் சொல்லுங்கள். காற்று உள்ளே போய்வரும் பிரீத்தரில் சிலிக்கா ஜெல் நீலமாக இருந்தால் நல்லது. இளஞ்சிவப்பாகியிருந்தால் ஈரத்தை நிறைய குடித்துவிட்டது.

உறுமல் எப்போது கவலைக்குரியது?

சீரான 100 ஹெர்ட்ஸ் ரீங்காரம் இயல்பு. காந்தப்பாயத்தின் ஒவ்வொரு அரைச்சுற்றிலும் கோர்த் தகடுகள் நுண்ணளவில் நீண்டு சுருங்குவதால் அது வருகிறது. லைன் வோல்ட் ஏறினால் அதுவும் ஏறும். இடையிடையே 'சட் சட்' என்று வெடிப்பது, கொதிப்பது போன்ற சத்தம், எல்.டி. முனையில் கருகல் நிறம், புஷ்ஷிங்கில் எண்ணெய்க் கசிவு – இவற்றில் ஒன்று தெரிந்தாலும் அன்றே சொல்லிவிட வேண்டும். சொல்லும்போது கம்பத்தில் எழுதியுள்ள டிரான்ஸ்பார்மர் எண்ணையும், எந்த ஃபேஸ் மங்கல், எந்த நேரம் என்பதையும் சேர்த்துச் சொன்னால் வருபவர் சரியான பியூஸோடு வருவார். பியூஸ் அடிக்கடி போகிறது என்று தடித்த கம்பியைக் கட்டச் சொல்லாதீர்கள். அடுத்த ஷார்ட்டில் உருகப்போவது சுருள்.